சக்கை பறித்தது யார்?

எங்கள் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குகிறது என்பதை நான் கண்டுபிடித்தது ஆலயத்தில், ஞாயிறு ஆராதனையில். அவர் கட்டைக் குரலில் பாடுகிறவர். எல்லாப் பாட்டும் அவருக்குத் தெரியும், எல்லா ராகமும் கொஞ்சம் தப்பாகத் தெரியும். ஓர் அடியை ஒரே மூச்சில் இழுத்துப் பிடித்தால், மற்றவர்கள் அடுத்த அடிக்குப் போன பிறகும் விடமாட்டார். பெண்கள் பக்கத்தில் இருக்கும் எனக்கு மானம் போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை அடியின் நடுவில் குரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "தொண்டையில சளி" என்றார். நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற இந்த மனிதர், எவ்வளவு நல்லவரோ அவ்வளவு பொய்யர். பெரிய பொய் எதுவும் கிடையாது. யாரையும் ஏமாற்றிப் பிழைத்ததும் கிடையாது. எல்லாம் என்னிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கிற பொய்கள். சந்தையில் வாங்கிய சாளை மீனுக்கு என்ன விலை என்றால் பாதி சொல்வார். குளத்தில் குளிக்கப் போனேன் என்பார், மீசையில் டீக்கடைப் பழம்பொரி ஒட்டியிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். பொய் சொல்கிற பிள்ளையின் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அவர் கண்ணைக் காட்டமாட்டார். பொய் சொல்லும்போது மேலே ஃபேனைப் பார்ப்பார்.

அன்று ஃபேனைப் பார்த்துத்தான் சளி என்றார். மறுநாள் காலையில் மாடிப்படி ஏறிப் பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவை வரவழைத்து நாகர்கோவிலுக்கு, நெஞ்சு டாக்டரிடம் கொண்டுபோனேன்.

எக்ஸ்ரே படத்தில் வலது நெஞ்சு இருக்க வேண்டியபடி கறுப்பாக இருந்தது. இடது நெஞ்சில் கீழ்ப் பாதி வெள்ளையடித்ததுபோல் இருந்தது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண், வெளி மாவட்டத்துக்காரி, பொறுமையாகப் பேசினாள். முதுகுப் பக்கமாக ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் வெளிர்மஞ்சளாகத்தான் வரும், பயப்பட வேண்டாம் என்றாள். அவரை மேசைமேல் தலையணை வைத்துக் குனிய வைத்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சற்று நேரத்தில் நர்ஸ் பாட்டிலோடு வெளியே வந்தாள். மஞ்சள் இல்லை. நன்னாரி சர்பத்தின் நிறம்.

டாக்டர் அவரிடம் கேட்டாள், "ஐயா, சமீபத்துல எங்கயாவது விழுந்தீங்களா? நெஞ்சுல, முதுகுல அடி எதுவும் பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல டாக்டரே" என்றார் அவர்.

நான் அப்போது பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கே பார்த்துச் சொன்னார் என்று கவனிக்கவில்லை.

என்னைத் தனியாக அழைத்து டாக்டர் விளக்கினாள். நுரையீரலின் மேல் ஓர் உறை, நெஞ்சுக்கூட்டின் உட்பக்கம் ஓர் உறை, இரண்டும் ஒன்றோடொன்று உரசாமல் வழுக்கிக்கொள்ள நடுவில் துளி ஈரம். அந்த இடத்தில் நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடம் கிடைக்காது. அந்த நீர் ரத்தமாக வந்தால் பல காரணங்களைத் தேட வேண்டும். அவள் சொல்லச் சொல்ல, எனக்குப் பழக்கதோஷம், மனசுக்குள் ஒவ்வொன்றுக்கும் மார்க் போட ஆரம்பித்தேன்.

புற்றுநோய். நுரையீரலில் தொடங்கி உறைக்குப் பரவியிருக்கலாம், வேறெங்கோ தொடங்கி இங்கே வந்திருக்கலாம். அடிபடாத, வயதான, பீடி குடித்த ஆளுக்கு முதலில் அதைத்தான் சந்தேகப்படுவோம் என்றாள். அவர் பீடியை விட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. ஆனால் ஓட்டிய காலமெல்லாம் குடித்திருக்கிறார். அதற்கு நான் மார்க் போடவில்லை, பேப்பரையே திருப்பி வைத்துவிட்டேன். அடுத்தது காசநோய். சில நேரம் அதிலும் ரத்தம் கலந்து வருமாம். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி போய் அடைத்தாலும் வரும். கணையம் வீங்கினாலும் வருமாம், அது வயிற்றில் இருக்கிற சமாசாரம், இவருக்கு அந்த அறிகுறி இல்லை. பிறகு அடி. விலா எலும்பு கீறினால் உடனேயும் ரத்தம் கசியும், சில நாள் கழித்தும் கசியும். போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து அவர் ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சின்ன அடியும் நிற்காமல் கசியும்.

"ஆனா ஐயாவுக்குத்தான் அடியே படலயே" என்று சொல்லி அந்தக் காரணத்தை அடித்துவிட்டாள். எடுத்த நீரில் கெட்ட செல் இருக்கிறதா, காசநோய் இருக்கிறதா, எவ்வளவு ரத்தம் இருக்கிறது என்று பார்க்க அனுப்பினாள். செல் ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதுவரை டியூப் போட்டு ரத்தத்தை வடிய விட்டு, ஒரு ஸ்கேனும் எடுக்க வேண்டும்.

வராந்தாவில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரருக்குக் காசநோய் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இப்படியும் ஒருத்தி ஆசைப்படுவாளா என்று கேட்டால், ஆசைப்படுவாள். அதற்கு மாத்திரை இருக்கிறது, சாப்பிட்டால் குணமாகும். சாயங்காலம் நர்ஸ் வந்து, காசநோய்க்கான ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்று நல்ல சேதிபோலச் சொல்லிவிட்டுப் போனாள். மார்க் போட்ட காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வந்தன, திருப்பி வைத்த பேப்பர் மட்டும் அங்கேயே கிடந்தது.

அதைவிடப் பயமாக இருந்தது அவருடைய நடத்தை. சீனி போடாத சாயாவை முகம் சுளிக்காமல் குடித்தார். கஞ்சியில் உப்பு இல்லை என்று சண்டை போடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் வீட்டிலிருந்து வந்த நேந்திரங்காய் வறுவலை நீட்டியபோது, "வேண்டாம், டாக்டரு திங்காண்டாம்னு சொல்லியிருக்காவ" என்றார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. பைபிளைத் திறந்து நெஞ்சுமேல் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தபடி இருந்தார். இவர் இப்படி ஒழுங்காக இருந்து நான் பார்த்ததே இல்லை. என்னமோ தெரிந்துகொண்டுதான் இப்படி இருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் என் தம்பியை அவர் பக்கத்தில் இருக்க வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அழுக்குக் கூடையில் அவருடைய துணிகளை அள்ளும்போது முறிவெண்ணெய் வாசம் அடித்தது. எங்கள் பக்கத்தில் கை கால் பிசகினால் வர்ம ஆசான்கள் தடவுகிற எண்ணெய் அது. சில வாரமாகவே அவர்மேல் அந்த வாசம்தான். கேட்டதற்கு, முட்டுவலிக்குப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். பனியனை விரித்துப் பார்த்தேன். எண்ணெய்க் கறை இடது அக்குளுக்குக் கீழே, விலாப் பக்கம் முழுக்கப் படிந்திருந்தது. முட்டு அங்கே இல்லை.

பனியனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஞாபகத்துக்கு வந்தது. அந்தப் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் விளைந்ததில் முதலானதைக் காணிக்கையாகக் கொண்டுபோவோம். வாழைக்குலை, தேங்காய், கோழி, மரச்சீனிக் கிழங்கு. ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து போவது சக்கை. பலாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்தச் சக்கை விஷயத்தில் அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. காணிக்கைச் சக்கை தரையில் விழுந்து வெடிக்கக் கூடாது, காம்போடு கயிறு கட்டிப் பைய இறக்க வேண்டும், அதை வேறு யாரும் சரியாகச் செய்யமாட்டார்கள், தானே ஏறினால்தான் ஒழுங்காக இருக்கும்.

ஸ்டென்ட் வைத்து வீடு திரும்பிய அன்று குடும்ப ஜெபத்தில், இனி மரத்தில் ஏறமாட்டேன் என்று அவர் கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தார். வாக்கை ஒவ்வொரு சொல்லாக நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவர் திருப்பிச் சொன்னார். மீறினால் மரத்தை வெட்டிவிடுவேன் என்றும் ஆமென் சொன்ன கையோடு சொல்லி வைத்தேன்.

இந்த வருஷப் பண்டிகைக்கு முந்தின வாரம் நான் திருவனந்தபுரத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். அக்காவுக்குக் கண் ஆபரேஷன். திரும்பி வந்தபோது சக்கை முன்னறையில் சாக்கின்மேல் இருந்தது, ஒரு முள்கூட நசுங்காமல். வழக்கமாகத் தேங்காய்க்கு மரம் ஏறுகிற ஆளை வைத்துப் பறித்ததாகச் சொன்னார். ஏலத்தில் எங்கள் சக்கைக்குத்தான் போட்டி. ஒவ்வொரு வருஷமும் தன் சக்கையைத் தானே ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுகிறவர், இந்த வருஷம் கையையே தூக்கவில்லை. மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். கடைசியில் என் தம்பி எடுத்தான். சுளை எங்கள் வீட்டுக்கும் வந்தது, நான்தான் வறுத்தேன்.

கையைத் தூக்கவில்லையா, தூக்க முடியவில்லையா?

பனியனை மடியில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்றேன். கல்யாணம் ஆன நாள்முதல், இந்த மனிதரின் பொய் நாவை மாற்றும் ஆண்டவரே என்று ஜெபித்து வந்தவள் நான். அன்றைக்கு ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, இவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் பொய், என்னிடம் பொய், உம்மிடம் கொடுத்த வாக்கும் பொய் என்று இருக்க வேண்டும். உமக்குக் கோபம் இருந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம்.

எழுந்து நேரே மரம் ஏறுகிற ஆளின் வீட்டுக்குப் போனேன். பால் எடுத்துவிட்டு ரப்பர் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் பண்டியலுக்கு எங்க வீட்டுல சக்கை பறிச்சது நீங்கதானா?"

அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எக்கா, சண்டை வல்லதும் உண்டா?"

"சண்டை ஒண்ணும் இல்ல. உள்ளதச் சொல்லுங்க."

"நா இந்த வருசம் ஒங்க மரத்துல ஏறவே இல்லியே. வரட்டான்னு கேட்டேன். வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன், அக்காகிட்ட மட்டும் நீ பறிச்சதாச் சொல்லுன்னு அண்ணந்தான்…"

நான் சிரித்தேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அந்த மனிதர் பயந்துபோய்த் தன் மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்து குடிக்க வெள்ளம் கொடுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்க வீட்டுக்காரரு பொய் சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னேன். அவள் என்ன நினைத்தாளோ, என் தோளைத் தடவி, "ஆம்பிளைய எல்லாரும் அப்படித்தான் டீச்சரே" என்று ஆறுதல் சொன்னாள். அதற்கும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, வார்டுக்குள் போகாமல் டாக்டரிடம் போனேன். பனியனைக் காட்டினேன். மரத்தைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாயங்காலம் ஸ்கேன் எடுத்தபோது விலா எலும்புகளைத் தனியாகப் பார்க்கச் சொன்னாள். இடது பக்கம் கீழ் விலாக்களில் கீறல் இருந்தது, கூடிக்கொண்டிருக்கிற கீறல். நீர் மறைத்ததால் எக்ஸ்ரேயில் அது தெரியவில்லை. வடிந்ததில் பெரும்பங்கு சுத்த ரத்தம் என்றும் ரிப்போர்ட் வந்திருந்தது. இதய டாக்டரைக் கலந்து, அந்த மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள்.

"அப்போ அடிதானா டாக்டர்?"

"அடியாத்தான் தெரியுது. ஆனா செல் ரிப்போர்ட் வராம நான் உறுதியாச் சொல்லமாட்டேன் டீச்சர். விலா கீறினவங்களுக்கு வேற எதுவும் வரக்கூடாதுன்னு இல்லையே."

அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைக் கேட்டு அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியும் என்பதை இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நான் சண்டையைச் சேமித்து வைத்தேன். ரிப்போர்ட் நல்லதாக வந்தால் வார்டே அதிரப் போடலாம். வேறு மாதிரி வந்தால், அவர் மரத்தில் ஏறினார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நாட்களில் அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே திட்ட வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தினேன். அவ்வப்போது அவர் முகத்தைப் பார்ப்பேன். இந்தச் சண்டையைப் போட விடு ஆண்டவரே என்று கெஞ்சுவேன்.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் வார்டுக்கே கொண்டுவந்து எங்கள் இருவரிடமும் சொன்னாள். கெட்ட செல் ஒன்றும் இல்லை. ரத்தம் வடிந்த பிறகு எடுத்த படத்தில் நுரையீரல் நன்றாக விரிந்திருக்கிறது, கட்டி எதுவும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு முறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். என்னைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போனாள்.

நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு கையையும் கூப்பி, "கர்த்தர் மன்னிச்சிட்டாரு" என்றார்.

"எதுக்கு மன்னிச்சாரு?"

ஃபேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நான் மரத்துல ஏறினேன்."

சக்கையைக் கயிற்றில் கட்டி ஒழுங்காக இறக்கிவிட்டாராம். இறங்கும்போதுதான் கீழ்க்கவட்டில் கால் வழுக்கி, மதில் விளிம்பில் விலா மோதியிருக்கிறது. எங்கள் ஊர் ஆசான் எனக்குச் சொந்தம் என்பதால் அடுத்த ஊர் ஆசானிடம் போயிருக்கிறார். அவரும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "படம் எடுத்தா நீ அறிஞ்சிருவியே, மரத்த வெட்டிருவியே" என்றார். எண்ணெய் தேய்த்ததில் வலி குறைந்தது, அதோடு அதை மறந்துவிட்டார். இந்த ரத்தத்துக்கும் அந்த அடிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"வேற என்னதான் நெனச்சீங்க?"

"வாக்குக் குடுத்துட்டு மீறினேம்லா. அவருக்கு உள்ள சக்கையையே அப்படிப் பறிச்சுக் குடுத்தேன். அதுக்குத்தான் எனக்கு அந்தப் பெரிய நோய வச்சிட்டாருன்னு நெனச்சேன். அந்த பாட்டிலப் பாத்ததுமே மனசுல உறப்பிச்சிட்டேன். ஒனக்கிட்டச் சொன்னா நீயும் அதத்தான் சொல்லுவன்னு இருந்தது."

சீனியில்லாத சாயாவும், வறுவலைத் தள்ளியதும், சுவரைப் பார்த்துக் கிடந்ததும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாளும் தன்னைக் கடவுள் கைவிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆரஞ்சு உரிக்கிறவளிடம்கூடச் சொல்லாமல் கிடந்திருக்கிறார். வரிசைப்படுத்தி வைத்த ஏச்சில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை அந்த நேரம் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எங்க பட்டது?" என்றேன்.

என் கையைப் பிடித்து, சட்டைக்குள், இடது விலாவில் கொண்டுபோய் வைத்தார். டியூப் எடுத்த இடத்துக் கட்டுக்குச் சற்றுக் கீழே. பைய அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"வலிக்குதுட்டி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.